சுங்கவரி குறைந்தால் வர்த்தகப் பற்றாக்குறை கூடுமா? சிறிய மாறுநிலைப் பொருளாதாரத்தை ஆராயும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கல்லூரிகளில் முதுகலைப் பொருளியல் படிப்பவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் பருவத்தில், வர்த்தகத் தாராளமயம், அதாவது இறக்குமதி மீதான வரிகளையும் தடைகளையும் தளர்த்துவது, ஒரு நாட்டின் வர்த்தகச் சமநிலையை (ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்து வரும் தொகையை) என்ன செய்கிறது என்ற கேள்வி தவறாமல் வந்து சேர்கிறது. பெரும்பாலோர் இந்தியாவையே எடுத்துக்கொண்டு, 1991-க்கு முன், 1991-க்குப் பின் என்று இரண்டு பத்தி கொண்ட அட்டவணை ஒன்றைப் போட்டு, பற்றாக்குறை கூடியிருப்பதைக் காட்டி, தாராளமயமே காரணம் என்று முடித்துவிடுகிறார்கள். அதைவிடக் கடினமான, ஆனால் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கும் ஒரு களத்தை இந்த வழிகாட்டி பரிந்துரைக்கிறது. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபின், அரசுத் திட்டத்தை விட்டுச் சந்தைக்கு மாறிய, மாறுநிலைப் பொருளாதாரங்கள் எனப்படும் சிறிய நாடுகள்தாம் அந்தக் களம்: கிர்கிஸ்தான், மால்டோவா, ஜார்ஜியா, எஸ்டோனியா போன்றவை.

அளவில் இவை நமக்கு அந்நியமானவை அல்ல. எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 12.5 லட்சம். ஆனால் பொருளியலில் ‘சிறிய’ என்பது மக்கள்தொகையைக் குறிப்பதில்லை. உலகச் சந்தையில் நிலவும் விலையை அப்படியே ஏற்க வேண்டிய நிலையில் இருக்கும் நாடு, தான் கூடுதலாக வாங்குவதாலோ விற்பதாலோ அந்த விலையை அசைக்க முடியாத நாடு, சிறிய நாடு. இந்த வரையறையை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் வரும் பல முடிவுகள் இதன்மீதுதான் நிற்கின்றன.

வழிமுறைக்குள் போகுமுன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பற்றாக்குறை எவ்வளவு என்று கேட்பதோடு, அதை ஈடுகட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்றும் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவைக்கும் ஆய்வேடு, சுங்கவரிமீது அது சுமக்க வேண்டாத பழியைச் சுமத்திவிடும்.

எதைத் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள்

முதல் வேலை காலவரிசை ஒன்றை எழுதுவது. சோவியத் முறையில் அயல்நாட்டு வர்த்தகம் அரசின் ஏகபோகமாக இருந்தது. எந்தப் பொருளை எவ்வளவு வாங்குவது, யாருக்கு விற்பது என்பதைத் திட்டம் தீர்மானித்தது. 1949-இல் தொடங்கி 1991 ஜூனில் கலைக்கப்பட்ட, சோவியத் சார்பு நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான கோமெகானுக்குள் நடந்த பரிமாற்றமும் உலக விலையை அப்படியே பின்பற்றியதல்ல. கிர்கிஸ்தானிலிருந்து ரஷ்யாவுக்குப் போன சரக்கு அன்று அயல்நாட்டு வர்த்தகமே அல்ல. ஒரே நாட்டின் இரு குடியரசுகளுக்கு இடையில் நகர்ந்த சரக்கு. ஆகவே 1990-இல் வரி இவ்வளவு, 1995-இல் இவ்வளவு என்று இந்தியாவுக்குச் செய்வதுபோல் இந்த நாடுகளுக்குச் செய்தால், ஒப்பிடத் தகாத இரண்டை ஒப்பிட்டவர் ஆவீர்கள்.

எனவே காலவரிசையில் சுங்கவரி வீதம் மட்டும் இருந்தால் போதாது. இறக்குமதி உரிமம் எப்போது நீங்கியது, அரசு நிறுவனங்களின் ஏகபோக உரிமை எப்போது முடிந்தது, ஏற்றுமதியாளர் தாம் ஈட்டிய அந்நியச் செலாவணியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி எப்போது தளர்ந்தது, சொந்த நாணயம் எப்போது வந்தது, பல நாணய மாற்று வீதங்கள் எப்போது ஒன்றாயின என்பவற்றையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பல நேரங்களில் இவற்றின் விளைவு வரிக் குறைப்பின் விளைவைவிடப் பெரிது. உஸ்பெகிஸ்தானில் 2017 செப்டம்பரில் மாற்று வீதங்கள் ஒன்றாக்கப்பட்டது இதற்கு நல்ல சாட்சி. அதற்கு முன் அரசு வீதத்துக்கும் கள்ளச்சந்தை வீதத்துக்கும் இருந்த இடைவெளியே இறக்குமதிக்கு ஒரு மறைமுக வரியாக இருந்தது.

கிர்கிஸ்தானை எடுத்துக்கொண்டால், 1993 மே மாதத்தில், ரூபிளைப் பொது நாணயமாகப் பயன்படுத்திய நாடுகளின் வட்டத்தை விட்டு வெளியேறி ‘சோம்’ என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டது. 1998 டிசம்பர் 20 அன்று, பழைய சோவியத் குடியரசுகளில் முதலாவதாக, உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2015 ஆகஸ்டில் ரஷ்யா தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்தது. இவற்றில் கடைசி நிகழ்வைத் தாராளமயம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். ரஷ்யா, கஜகஸ்தான் பக்கம் கதவு திறந்தது உண்மை. ஆனால் ஒன்றியத்தின் பொதுச் சுங்கவரியை ஏற்றதால், சீனச் சரக்கு உள்ளிட்ட வெளிச் சரக்குகள் பலவற்றின்மீது வரி ஏறியது. எஸ்டோனியாவிலும் இதே போன்ற ஒரு திருப்பம் உண்டு. 1990-களில் ஏறத்தாழச் சுங்கவரியே இல்லாமல் இருந்த அந்த நாடு, 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ஒன்றியத்தின் பொது வரியை ஏற்று வெளிநாடுகளுக்கு எதிராக வரியை உயர்த்த வேண்டியிருந்தது. வர்த்தக ஒப்பந்தம் என்றாலே வரிக் குறைப்பு என்று எண்ணுபவர்கள் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்களைச் சலித்தெடுத்தல்

இறக்குமதி, ஏற்றுமதித் தொகைகளை ஐக்கிய நாடுகள் அவையின் காம்டிரேட் தரவுத்தளத்திலும், சுங்கவரி வீதங்களை உலக வங்கியின் விட்ஸ் தளத்திலும் இலவசமாக எடுக்கலாம். எடுத்தவுடன் கணக்குப் போடத் தொடங்கிவிடக் கூடாது. ஏற்றுமதி பொதுவாகக் கப்பலில் அல்லது எல்லையில் ஏற்றும்போது உள்ள மதிப்பிலும், இறக்குமதி சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பிலும் பதிவாகின்றன. கடற்கரையே இல்லாத, கடலிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் கிர்கிஸ்தானுக்கு இந்தச் சரக்குக் கட்டணம் சிறிய தொகை அல்ல. அதைக் கழிக்காமல் பற்றாக்குறையைச் சொன்னால், மலையும் தூரமும் விதித்த செலவை வர்த்தகக் கொள்கையின் தலையில் ஏற்றியதாக ஆகும். பன்னாட்டு நிதியத்தின் செலுத்துநிலைக் கணக்கில் (ஒரு நாடு வெளியுலகோடு செய்யும் எல்லாக் கொடுக்கல் வாங்கல்களின் கணக்கில்) இறக்குமதியும், சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேராமல், ஏற்றுமதியின் அடிப்படையிலேயே தரப்படுகிறது. பொருள்வாரியான ஆய்வுக்குக் காம்டிரேட்டையும், மொத்தச் சமநிலைக்குச் செலுத்துநிலைக் கணக்கையும் பயன்படுத்துவது நல்லது.

அடுத்தது கண்ணாடிக் கணக்கு. கிர்கிஸ்தான் சீனாவிலிருந்து இறக்குமதி செய்ததாகத் தான் சொல்லும் தொகையையும், சீனா கிர்கிஸ்தானுக்கு ஏற்றுமதி செய்ததாகச் சொல்லும் தொகையையும் ஒரே வரிசையில் எழுதிப் பாருங்கள். சீனா சொல்லும் தொகை பல ஆண்டுகளில் பல மடங்கு அதிகமாக இருக்கும். பிஷ்கெக் நகரத்தின் விளிம்பில் இரும்புக் கன்டெய்னர்களை அடுக்கி எழுந்த தோர்தோய் சந்தை வழியாக, சீனத் துணியும் செருப்பும் வீட்டுச் சாமான்களும் கஜகஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் மறு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. உள்ளே வந்ததில் ஒரு பகுதி பதிவாகவில்லை. வெளியே போனதிலும் பெரும்பகுதி பதிவாகவில்லை. யூரேசிய ஒன்றியத்துக்குள் சுங்கச் சாவடி இல்லாமல் போனபின், வெளியே போவதைப் பிடிப்பது இன்னும் கடினமாயிற்று. 2022-இல் உக்ரைன் போர் பெரிதாகி ரஷ்யாவுக்குச் சுற்றுவழியில் சரக்குப் போகத் தொடங்கியபின் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகியிருக்கிறது. அந்த ஆண்டுகளின் பற்றாக்குறையில் ஒரு பங்கு, நாட்டுக்குள் தங்காமல் கடந்துபோன சரக்கின் நிழல் மட்டுமே.

தங்கத்தையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். 1997-இல் உற்பத்தி தொடங்கிய கும்தோர் சுரங்கம் கிர்கிஸ்தானின் ஏற்றுமதியில் மிகப் பெரிய பங்கு வகித்தது. 2012-இல் சுரங்கக் குழியில் பனிப்பாறை நகர்ந்து உற்பத்தி சரிந்ததும் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சியே நின்றுபோனது. அதற்குக் காரணம் வரிக் கொள்கை அல்ல. ஆகவே எல்லா அட்டவணையையும் தங்கத்தோடு ஒன்று, தங்கம் இல்லாமல் ஒன்று என இரண்டாகப் போடுங்கள். சரக்குகளை எண்ணிட்டு வகைப்படுத்தும் ஒத்திசைவுக் குறியீட்டு முறையில் தங்கம் 71-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது.

இனி, சமநிலையை எந்த அளவுகோலில் அளப்பது என்ற கேள்வி. ஏற்றுமதி 100, இறக்குமதி 150 என்று தொடங்கும் ஒரு நாட்டில் இரண்டும் 20 சதவீதம் வளர்ந்தால், ஏற்றுமதி 120, இறக்குமதி 180 ஆகும். பற்றாக்குறை 50-இலிருந்து 60 ஆகும். இறக்குமதியில் எவ்வளவு பங்கை ஏற்றுமதி ஈடுகட்டுகிறது என்று பார்த்தாலோ, அன்றும் மூன்றில் இரண்டு பங்கு, இன்றும் மூன்றில் இரண்டு பங்கு. கழித்து வரும் தொகையைப் பார்த்தால் நிலைமை மோசமாகிவிட்டதாகத் தோன்றும். விகிதத்தைப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. பற்றாக்குறையோடு தொடங்கும் நாடுகளுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடியானது என்பதால், ஈடு விகிதத்தையும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பற்றாக்குறையின் சதவீதத்தையும் சேர்த்தே தர வேண்டும். இரண்டாவதில் ஒரு பொறி உண்டு: நாணயம் சரியும் ஆண்டில் டாலரில் கணக்கிடும் உள்நாட்டு உற்பத்தி சுருங்கிவிடுவதால், பற்றாக்குறைத் தொகை மாறாதபோதும் சதவீதம் துள்ளி ஏறும்.

இறக்குமதியைப் பிரித்துப் பார்த்தல்

வரி குறைந்ததும் இறக்குமதி கூடும் என்பது பொதுவாக உண்மை. எந்த இறக்குமதி கூடியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் அதே குறியீட்டு முறையின் 27-ஆம் அத்தியாயத்தை, அதாவது எண்ணெயையும் எரிவாயுவையும், கழித்துவிடுங்கள். சோவியத் காலத்தில் மலிவாகக் கிடைத்த எரிபொருளுக்கு உலக விலையை நெருங்கிய தொகையைத் தர வேண்டியிருந்ததே இந்த நாடுகளின் முதல் பெரிய அடி. அதற்கும் சுங்கவரிக் குறைப்புக்கும் தொடர்பில்லை. எஞ்சியதை இயந்திரங்கள், உற்பத்திக்கான மூலப்பொருள்கள், நுகர்வுப் பொருள்கள் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஐக்கிய நாடுகள் அவையின் பரந்த பொருளாதார வகைப்பாடு இதற்கென்றே இருக்கிறது.

மூலப்பொருள் இறக்குமதி என்றால் என்ன என்று புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்து மாணவர் பண்ருட்டிக்குப் போய் வந்தால் போதும். அங்கு உடைபடும் முந்திரிக்கொட்டையில் உள்ளூர்த் தோப்புகளில் விளைவது ஒரு பங்குதான். ஐவரி கோஸ்ட், கானா, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் தூத்துக்குடி போன்ற துறைமுகங்கள் வழியாக மூட்டை மூட்டையாகக் கொட்டை வருகிறது. வந்த கொட்டையைக் காயவைத்து, வேகவைத்து, ஓட்டை உடைத்து, உள்தோலை நீக்கித் தரம் பிரித்தால், கொட்டையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கோ அதற்கும் குறைவாகவோ பருப்பு கிடைக்கும். டபிள்யூ 320 என்று பெட்டியில் எழுதியிருந்தால் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 320 முழுப்பருப்பு நிற்கும் என்று பொருள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் அதிகம். கொட்டைக்குப் பணம் கொடுக்கும் நாளுக்கும் பருப்புக்குப் பணம் வரும் நாளுக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. 2018-ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் முந்திரிக்கொட்டைமீதான இறக்குமதி வரி 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதைப் போன்ற ஒரு மாற்றம், முதலில் இறக்குமதிக் கணக்கிலும், பிறகே ஏற்றுமதிக் கணக்கிலும் தெரியும். உள்நாட்டில் விற்றுத் தீரும் பருப்பு ஏற்றுமதிக் கணக்கில் தெரியவே தெரியாது. ஓட்டு எண்ணெயில் கை கறுத்து அமர்ந்திருக்கும் பெண்களின் கூலி, இந்த இறக்குமதி இல்லாமல் ஆண்டு முழுவதும் ஓடாது என்பதையும் ஆய்வாளர் மறந்துவிடக் கூடாது. இறக்குமதி என்றாலே இழப்பு என்று எழுதுபவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்.

இதே முந்திரி ஏற்றுமதியில் இந்தியாவை 2006-இல் முந்திய வியட்நாமும் ஒரு மாறுநிலைப் பொருளாதாரமே. அது சிறிய நாடு அல்ல என்றாலும் கால இடைவெளியைப் புரிந்துகொள்ள உதவும். 1986-இல் ‘தோய் மொய்’ சீர்திருத்தத்தைத் தொடங்கி, 2007 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததும் அதன் வர்த்தகப் பற்றாக்குறை பெருகியது. 2012-இல் அது உபரியாக மாறியது. இயந்திரமும் உதிரிபாகமும் மூலப்பொருளும் முன்னால் வந்தன. அவற்றால் செய்த பொருள்கள் பின்னால் வெளியேறின. 2009-இல் ஆய்வை நிறுத்தியவருக்கு ஒரு முடிவும், 2015-இல் நிறுத்தியவருக்கு வேறொரு முடிவும் கிடைத்திருக்கும்.

ஏற்றுமதி ஏன் பின்தங்குகிறது

கோட்பாட்டின்படி, இறக்குமதிமீது போடும் வரி இறுதியில் ஏற்றுமதிமீதும் போட்ட வரியாகவே செயல்படுகிறது. 1936-இல் பொருளியலாளர் லெர்னர் நிறுவியது இதுதான். வரியால் உள்நாட்டில் விலையும் கூலியும் ஏறி, ஏற்றுமதித் தொழிலிலிருந்து ஆளும் முதலும் காக்கப்பட்ட தொழிலுக்கு நகர்ந்துவிடுகின்றன. வரியை நீக்கினால் இறக்குமதியும் ஏற்றுமதியும் இரண்டுமே வளர வேண்டும். சமநிலை நிலையாகச் சரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நடைமுறையில் கடைக்காரர் புதிய இறக்குமதிச் சரக்கை ஒரு மாதத்தில் கொண்டுவந்துவிடுவார். ஏற்றுமதியாளருக்குப் புதிய சந்தை பிடிக்க ஆண்டுகள் வேண்டும்.

மாறுநிலை நாடுகளில் இந்தத் தாமதம் இன்னும் கடுமையானது. அவற்றின் ஆலைகள் ஒரே வாடிக்கையாளருக்காகக் கட்டப்பட்டவை. மால்டோவாவின் ஒயின் சோவியத் சந்தைக்கென்று தயாரானது. விற்பனை, தரம், புட்டியின் வடிவம் எல்லாமே அந்தச் சந்தைக்கு ஏற்றவை. 2006-இல் ரஷ்யா மால்டோவா ஒயினையும் ஜார்ஜியா ஒயினையும் தடைசெய்தபோது, எந்தச் சுங்கவரிச் சலுகையாலும் உடனடியாக மாற்றுச் சந்தையைத் தர முடியவில்லை. ஐரோப்பாவில் விற்க வேண்டுமானால் ஆய்வகச் சான்று, சுகாதார விதி, பெயருரிமை, புதிய விநியோகஸ்தர் என்று எல்லாம் வேண்டும். 2014-இல் இரு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஆழமான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டபோது, வரி நீக்கத்தைவிட இந்தத் தர விதிகளை உள்வாங்குவதே பெரிய வேலையாக இருந்தது. இன்று மால்டோவாவின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது. அந்த மாற்றம் ஓர் ஆண்டில் வந்ததல்ல. புதுச்சேரியின் பழைய வர்த்தகத்தைப் படித்தவர்களுக்கு இந்தச் சார்பு புதிதாகத் தோன்றாது: இங்கு நெய்து நீலச் சாயம் தோய்த்த கினே துணிக்குப் பிரெஞ்சுக்காரர்களின் செனகல் வர்த்தகமே பெரும் சந்தையாக இருந்தது, அங்கு அது கருவேலம்பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது.

ஆகவே ஏற்றுமதிப் பகுதியில் மூன்று எண்களையாவது கணக்கிட வேண்டும்: முதல் கூட்டாளி நாட்டின் பங்கு, முதல் ஐந்து பொருள்களின் பங்கு, முன்பு ஏற்றுமதியே ஆகாமல் இப்போது ஆகும் பொருள்களின் எண்ணிக்கை. மொத்த ஏற்றுமதித் தொகை அசையாமல் கிடக்கும்போதே கடைசி எண் ஏறத் தொடங்கினால், திறப்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதன் முதல் அறிகுறி அது.

பணம் எங்கிருந்து வந்தது

சரக்கு, சேவை, வெளிநாட்டிலிருந்து வரும் வருமானமும் பணமும் எல்லாம் சேர்ந்ததே நடப்புக் கணக்கு. ஒரு நாட்டின் நடப்புக் கணக்குச் சமநிலை, அந்த நாட்டின் சேமிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்து வரும் தொகைக்குச் சமம். இது கருத்து அல்ல, கணக்கியல் முற்றொருமை. சுங்கவரி குறைந்ததால் நடப்புக் கணக்கு நிலையாக மோசமாயிற்று என்று சொல்பவர், சேமிப்பு ஏன் குறைந்தது அல்லது முதலீடு ஏன் கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

எஸ்டோனியாவைப் பாருங்கள். 2007-இல் அதன் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 15 சதவீதமாக இருந்தது. 2009-இல் அது உபரியாக மாறியிருந்தது. இரண்டு ஆண்டுகளிலும் அதே ஐரோப்பிய ஒன்றியச் சுங்கவரி, ஜெர்மன் மார்க்கோடு 1992-இல் கட்டப்பட்டு, பிறகு அதே விகிதத்தில் யூரோவோடு தொடர்ந்த அதே குரூன் நாணயம். மாறியது ஒன்றே ஒன்று: ஸ்வீடன் முதலிய நாடுகளின் வங்கிகள் வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் கொட்டிக்கொண்டிருந்த பணம் உலக நிதி நெருக்கடியில் நின்றது. கடன் நின்றதும் இறக்குமதி நின்றது. பற்றாக்குறைக்கு வர்த்தகக் கொள்கையைக் காரணம் காட்டும் எந்த ஆய்வும் இந்த ஒரு நிகழ்வுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கிர்கிஸ்தானிலும் மால்டோவாவிலும் வந்தது வேறு வகைப் பணம். ரஷ்யாவிலும் இத்தாலியிலும் உழைக்கப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பிய தொகை, சில ஆண்டுகளில் உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. அந்தப் பணத்தை வாங்கிய குடும்பம் உணவு, சிமென்ட், பழைய ஜெர்மன் கார், கைப்பேசி என்று செலவழித்தது. அவற்றில் பெரும்பங்கு இறக்குமதி. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்களுக்குப் புதுச்சேரியில் மாதந்தோறும் வரும் பிரான்ஸ் ஓய்வூதியத்தை எண்ணிப் பாருங்கள்: அந்த வீடு தான் உள்ளூரில் சம்பாதிப்பதைவிட அதிகம் வாங்குகிறது என்பதற்காக அது கடனில் மூழ்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. சரக்குக் கணக்கில் பெரிய பள்ளம் தெரியும் மால்டோவாவில், நடப்புக் கணக்குப் பள்ளம் அதைவிடச் சிறியதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அனுப்பிய பணம்தான் இறக்குமதியை இழுத்தது. வரிக் குறைப்பு அந்த இறக்குமதியைச் சற்று மலிவாக்கியது. கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில்: இப்படி வரும் பணம் உள்நாட்டுக் கூலியையும் விலையையும் ஏற்றி, நாணயத்தின் உண்மை மதிப்பை உயர்த்தி, ஏற்றுமதித் தொழிலை நசுக்கக்கூடும். அதைச் சோதிக்க உண்மைப் பயனுறு மாற்று வீதத்தை (கூட்டாளி நாடுகளின் நாணயங்களோடும் விலைகளோடும் ஒப்பிட்டுக் கணக்கிடும் வீதத்தை)த் தரவுகளில் சேர்த்தே ஆக வேண்டும்.

விளைவைத் தனியே பிரித்தெடுத்தல்

இங்குதான் பெரும்பாலான ஆய்வேடுகள் தடுக்கி விழுகின்றன. கிர்கிஸ்தான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 1998 டிசம்பரில். ரஷ்யா ரூபிளின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டுக் கடன் தவணையை நிறுத்தியது அதே ஆண்டு ஆகஸ்ட் 17-இல். கிர்கிஸ்தான் யூரேசிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2015 ஆகஸ்டில்; ரூபிள் கடுமையாகச் சரிந்தது 2014-இன் கடைசியில். ஜார்ஜியா தன் சுங்கவரிகளைச் சுழியம், 5, 12 சதவீதம் என்ற மூன்று படிகளாகச் சுருக்கி, பெரும்பாலான பொருள்களுக்கு வரியையே நீக்கியது 2006-இல். ரஷ்யா அதன் ஒயினைத் தடைசெய்ததும் 2006-இல். மூன்று இடத்திலும் கொள்கை மாறிய தேதியும் ஏற்றுமதிச் சந்தை இடிந்த தேதியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. முன்–பின் ஒப்பீடு இவற்றைப் பிரிக்காது.

இதற்கு நான் பரிந்துரைப்பது, சமநிலைக்கு ஒரே சமன்பாடு எழுதாமல், இறக்குமதிக்கு ஒன்றும் ஏற்றுமதிக்கு ஒன்றுமாக இரண்டு எழுதுவது. இறக்குமதிச் சமன்பாட்டில் உள்நாட்டு வருமானம், வெளியிலிருந்து வரும் தனியார் பணம், உண்மை மாற்று வீதம், சராசரிச் சுங்கவரி ஆகியவை இருக்கட்டும். ஏற்றுமதிச் சமன்பாட்டில் கூட்டாளி நாடுகளின் வருமானம், அதிலும் ரஷ்யாவின் வருமானம் தனியாக, மாற்று வீதம், தடை இருந்த ஆண்டுகளுக்கான போலி மாறி (தடை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0) ஆகியவை இருக்கட்டும். இரண்டையும் மடக்கையில் எழுதினால், போலி மாறியினுடையது தவிர மற்றக் கெழுக்கள் (ஒவ்வொரு மாறிக்கும் வரும் பெருக்கெண்கள்) நெகிழ்ச்சிகளாகவே கிடைக்கும்; ஒன்று ஒரு சதவீதம் மாறினால் மற்றது எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதே நெகிழ்ச்சி. சராசரிச் சுங்கவரியை இறக்குமதி அளவால் எடையிட்டு எடுக்க வேண்டாம். வரி மிக அதிகமான பொருள் இறக்குமதியே ஆகாது என்பதால், அதன் எடை சுழியமாகி, மூடிய நாடும் திறந்த நாடாகத் தோன்றும். எளிய சராசரியையும் சேர்த்துக் காட்டுங்கள்.

1992-இலிருந்து ஆண்டுத் தரவு எடுத்தால் முப்பது சொச்சம் அவதானிப்புகளே கிடைக்கும். அதில் எட்டு மாறிகளைத் திணித்து வந்த முடிவுக்கு மதிப்பில்லை. காலாண்டுத் தரவு கிடைக்கும் காலத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஒத்த சூழலில் உள்ள பத்துப் பன்னிரண்டு நாடுகளைச் சேர்த்து, நாடுகளுக்கு இடையில் காலத்தால் மாறாத வேறுபாடுகளை நீக்கிக் கணக்கிடுங்கள். அப்போதும் ஒரு தடை இருக்கும்: நாடுகள் பெரும்பாலும் நெருக்கடியில் மாட்டி, பன்னாட்டு நிதியத்திடம் போன பிறகே கதவைத் திறக்கின்றன. அதாவது பற்றாக்குறையே திறப்புக்குக் காரணமாகியிருக்கலாம். திறப்புக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளையும் வரைபடத்தில் காட்டினால், சரிவு ஏற்கனவே தொடங்கியிருந்ததா என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

வளரும் நாடுகள் 22-ஐ எடுத்துக்கொண்டு 2004-இல் வெளியான, பலரும் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வு, தாராளமயம் ஏற்றுமதியைவிட இறக்குமதியை அதிகம் வளர்த்து வர்த்தகச் சமநிலையைச் சரித்தது என்று கண்டது. மாணவர்கள் இதைத் தம் நாட்டுக்கும் அப்படியே பொருத்திவிடுகிறார்கள். அது வேறு தொடக்கப் புள்ளியிலிருந்து வந்த நாடுகளைப் பற்றியது. திட்டத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாட்டுக்கு அதை ஒரு கருதுகோளாக எடுத்துச் சோதிக்கலாம், முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

மாற்று வீதம் சரிந்தால் சமநிலை தேறுமா என்பதற்கு, ஏற்றுமதி, இறக்குமதி நெகிழ்ச்சிகளின் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்ட வேண்டும் என்ற மார்ஷல்–லெர்னர் நிபந்தனையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது ஏற்றுமதியும் இறக்குமதியும் சமமாக இருந்து தொடங்கும் நாட்டுக்குரியது. இறக்குமதி ஏற்றுமதியைப் போல இரு மடங்கு உள்ள நாட்டில், சரிவு முதலில் பெரிய தொகையான இறக்குமதிச் செலவைச் சொந்த நாணயத்தில் ஏற்றிவிடுவதால், சமநிலை தேறுவதற்கு வேண்டிய நெகிழ்ச்சி இன்னும் அதிகம். முதலில் மோசமாகிப் பிறகு தேறும் போக்கைக் காட்டும் ஜே வளைவின் அடிப்பகுதியும் அங்கே ஆழமாக இருக்கும்.

முடிவை அட்டவணையாக்கும்போது சரக்கு, சேவை, வெளிநாட்டிலிருந்து வரும் வருமானமும் பணமும் என்று மூன்று வரிசைகள் போடுங்கள். ஜார்ஜியாவின் சரக்கு ஏற்றுமதி அதன் சரக்கு இறக்குமதியில் பாதியைக்கூட எட்டாத ஆண்டுகள் பல. முதல் வரிசையை மட்டும் பார்ப்பவர் அந்த நாடு திறந்து கெட்டது என்று எழுதிவிடுவார். இரண்டாவது வரிசையில், 2019-இல் மட்டும் சுற்றுலாவில் 300 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது இருக்கும். விசா தேவையில்லை என்று பல நாட்டவருக்குக் கதவைத் திறந்ததும் தாராளமயத்தின் ஒரு பகுதியே. சுங்கவரி வீதத்தில் அது தெரியாது. 2020-இல் கொரோனா வந்து விமானம் நின்றபோது அந்த வரிசையின் தொகை சரிந்து நடப்புக் கணக்குப் பற்றாக்குறை கூடியது. அந்த ஆண்டையும் தரவில் வைத்துக்கொண்டு, சுங்கவரிக் கெழு அதனால் எவ்வளவு நகர்கிறது என்று ஒருமுறை சேர்த்தும் ஒருமுறை விட்டும் கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் அருகருகே அச்சிடுங்கள்.